மண்ணீரலுடன் வந்தவர்

3 ஜூன், திங்கள்

இடப்பக்க விலாவுக்குக் கீழே ஆறு வாரமாக இருந்துவந்த கனத்துக்கு இன்று ஸ்கேன் எடுக்கப்பட்டது. எடுத்த பெண் திரையைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள், மீண்டும் திரையைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஒரு மருத்துவரை அழைத்து வந்தாள். இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். எனக்கு மட்டும் தெரியாதபடி திரை திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

"கூட யாரு சார் வந்திருக்கா?" என்று மருத்துவர் கேட்டார்.

"நான் வந்திருக்கேன்" என்றேன்.

"இல்ல சார், அட்டெண்டர்."

எனக்கு ஐம்பத்தாறு வயது. விலங்கியலில் முனைவர் பட்டம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் துறைத்தலைவர். என் வயிற்றைப் பற்றிய தகவலைப் பெற இந்தத் தகுதிகள் போதவில்லை. வரவேற்பறையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மனைவி வடிவுக்கு அந்தத் தகுதி இருந்தது. "ஆறுமுகநயினார் கூட வந்தவங்க!" என்று கூவி அவளை உள்ளே அழைத்தார்கள், என்னை வெளியே எடை பார்க்க அனுப்பினார்கள். எடை அறுபத்தெட்டு.

இந்த நாட்குறிப்பை இன்று தொடங்குகிறேன். நடப்பதை யாரேனும் ஒருவர் என்னிடம் சொல்லவேண்டும். அதற்கு நானே போதும்.

4 ஜூன், செவ்வாய்

"சின்னக் கொழுப்புக் கட்டியாம். மண்ணீரல்ல இருக்காம். பயப்பட ஒண்ணுமில்லயாம்" என்று வடிவு சொன்னாள். சொல்லும்போது புளி கரைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கான ரசத்துக்கு ஒருவர் அவ்வளவு நேரம் புளி கரைத்து நான் பார்த்ததில்லை.

மண்ணீரலில் கொழுப்புக் கட்டி என்பது மிக மிக அரிது. இருபத்தொன்பது ஆண்டுகளாக நான் அந்த உறுப்பைக் கரும்பலகையில் சிவப்புச் சாக்கட்டியால் வரைந்து வருகிறேன். அறுத்துக் காட்டும் வழக்கம் இருந்த காலத்தில் நூற்றுக்கணக்கான தவளைகளின் மண்ணீரலை எடுத்துத் தட்டில் வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட அட்டெண்டரோடு வந்ததில்லை.

7 ஜூன், வெள்ளி

சி.டி. ஸ்கேன் முடிவு ஒட்டிய உறையில் வந்தது. மேலே 'மருத்துவரிடம் மட்டும் கொடுக்கவும்' என்றிருந்தது. பல்கலைக்கழக வினாத்தாள் உறைகளை நெடுங்காலம் காவல் காத்தவன் நான். எந்த விளிம்பில் பிளேடை நுழைக்க வேண்டும் என்பது காவல் காத்தவனுக்குத்தான் தெரியும். படித்துவிட்டுத் துறைப் பசையால் மறுபடி ஒட்டினேன்.

மண்ணீரலின் நடுவே ஏழு செ.மீ. கட்டி. விளிம்பு தெளிவாக இருக்கிறது. சுற்றுப்புறத்தில் பரவவில்லை. பெரும்பாலும் தீங்கற்றது, ஆயினும் படத்தை மட்டும் வைத்து உறுதிசெய்ய இயலாது.

நல்ல, பொறுப்பான வாக்கியங்கள். மாணவர்கள் இப்படி எழுதினால் முழு மதிப்பெண் தருவேன்.

8 ஜூன், சனி

அறுவை நிபுணர் டாக்டர் தேவசகாயம் உறையை வாங்கினார். மறுபடி ஒட்டப்பட்டது என்பதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் நாகரிகம் கருதி விட்டுவிட்டார். "சார், நீங்க வெளிய பிரஷர் பாத்துட்டு வந்துருங்க" என்றார். என் உடல் பற்றிய கூட்டத்திலிருந்து நான் இரண்டாம் முறையாக வெளியேற்றப்பட்டேன்.

கண்ணாடிக் கதவு வழியே வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வது தெரிந்தது. பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான், எடுத்துப் பரிசோதித்த பிறகே முடிவாகச் சொல்லமுடியும் என்று அவர் சொல்லியிருப்பார். அந்த வாக்கியத்தின் முன்பாதியை அவள் மருத்துவமனையிலேயே விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

ஒரு வார்த்தையில் அவளைத் தேற்றியிருக்கலாம். தேற்றவில்லை. கொழுப்புக் கட்டி என்று சொன்னவளிடம், கொழுப்புக் கட்டி என்று நம்புகிறவனாகவே நடந்துகொள்வதென முடிவுசெய்தேன். அவள் என்னிடம் மறைப்பது பொய். நான் அவளிடம் மறைப்பது அதன் விளைவு.

மாலையில் கொல்லைப்புறத்தில் நின்று போனில் பேசினாள். "உலகு தம்பி, உங்க அண்ணனுக்கு அந்த நோவுதான் போலிருக்கு. அவுகளுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிராதிய."

உலகநாதன் என் தம்பி. அம்பாசமுத்திரத்தில் பம்பு செட் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஒன்பது ஆண்டுகளாக நான் அவனோடு பேசுவதில்லை. காரணத்தை ஒரே ஒருமுறை இங்கே பதிவுசெய்கிறேன். அப்பாவுக்குக் கணையத்தில் புற்று என்பது அவர் இறப்பதற்கு நான்கு மாதம் முன்பே தெரிந்திருந்தது. இவனுக்குத் தெரியும், இவன் மனைவிக்குத் தெரியும், ஊர் மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். கல்லூரியில் விடுப்பு எடுத்துக் கொச்சியில் ஆய்வுப் பணியில் இருந்த எனக்கு மட்டும் ஞாயிறுதோறும் "அப்பா நல்லா இருக்காரு" என்று போனில் சொல்லப்பட்டது. நான் வந்துசேர்ந்தபோது அவரைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். கொள்ளி வைக்க மூத்தவன் வேண்டும் என்பதால் காத்திருந்தார்கள். அந்தத் தகவல் மட்டும் எனக்கு உரிய நேரத்தில் தரப்பட்டது.

10 ஜூன், திங்கள்

காலை 10.40க்கு உலகநாதன் வந்தான். கையில் தூக்குவாளி.

"வந்தவருக்குக் காப்பி குடு" என்று வடிவிடம் சொன்னேன்.

"வந்தவரு காப்பி குடிச்சிட்டுத்தான் வந்திருக்காரு மதினி" என்று அவனும் வடிவிடமே சொன்னான். "இது சொதி. உங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்கும்லா."

"பிடிக்கும்னு யாரு சொன்னாவளாம்?"

"யாரு சொல்லணும்? சின்னதுல என் தட்டுல உள்ளதையும் சேத்துத் தின்னவருல்லா."

வடிவு சிரித்தாள். சிரித்தது தவறென்று பட்டதோ என்னவோ, உடனே அழுதாள். கொழுப்புக் கட்டிக்கு யாரும் அழுவதில்லை என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டேன்.

தேங்காய்ப்பால் சொதியில் இஞ்சி சற்று அதிகம். முழுவதும் சாப்பிட்டேன், உணவை வீணாக்குவது என் பழக்கமல்ல.

13 ஜூன், வியாழன்

27ஆம் தேதி மண்ணீரலையே எடுத்துவிடுவதென முடிவாகியிருக்கிறது. அது போய்விட்டால் சிலவகைக் கிருமிகளை இரத்தத்திலிருந்து வடிகட்ட ஆளிருக்காது. ஆகையால் அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே தடுப்பூசி போடவேண்டும். மூன்று ஊசிகள். வடிவுக்குத் தலைவலி என்பதால் உலகநாதன் வந்தான்.

"ஆறுமுகநயினார் கூட வந்தவங்க!" என்று கூப்பிட்டதும் எனக்கு முன்பாக அவன் எழுந்துவிட்டான். செவிலி படிவத்தை எடுத்தாள். "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

அவன் என்னைப் பார்த்தான். பேனா காகிதத்தின் மேல் காத்திருந்தது.

"தம்பி" என்றேன் நான்.

அரசாங்கத்துக்கும் மருத்துவமனைக்கும் தரும் படிவங்களில் பிழை இருக்கக்கூடாது என்பதால் சொன்னது. வேறு முக்கியத்துவம் இல்லை.

19 ஜூன், புதன்

டாக்டர் தேவசகாயத்தைத் தனியாகச் சென்று பார்த்தேன். அட்டெண்டர் எங்கே என்று அவர் கேட்பதற்குள் கதவைச் சாத்திவிட்டேன்.

"என் மண்ணீரலைப் பத்தி என்கிட்டயே சொல்ல முடியுமா டாக்டர்?"

அவர் சிறிதும் தயங்கவில்லை. படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பத்து நிமிடம் விளக்கினார். ஊசி செலுத்தித் திசு எடுத்துப் பார்க்கலாமே என்றேன். மண்ணீரல் முழுக்க இரத்தம், குத்தினால் உள்ளேயே கசியும், அந்த ஆபத்து வேண்டாம் என்றார். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மீதியை விடலாமே என்றேன். இரத்தக்குழாய்கள் நுழையும் இடத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, ஓரத்தில் இருந்திருந்தால் செய்திருப்பேன் என்றார். தீங்கற்றதென்றால் அப்படியே விட்டுவிடலாமே என்றேன். "ஏழு சென்டிமீட்டர் சார். சின்ன அடி பட்டாலும் வெடிக்கலாம். அதோட, நூறு சதம் உறுதின்னு சொல்ல முழுசா வெளிய எடுத்தாத்தான் உண்டு. துண்டு துண்டா எடுத்தா லேப்ல திணறுவாங்க, அதனால நாலு துளையோட ஒரு சின்ன வெட்டு."

"இதை ஏன் முதல் நாளே என்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார். இங்க பேஷண்ட் யாரும் கேக்கறதில்ல."

பிறகு அவரே, "வீட்ல ரொம்பப் பயந்திருக்காங்க. பெரும்பாலும் சாதாக் கட்டிதான்னு இன்னொருக்கா நான் தெளிவாச் சொல்லிரட்டுமா?" என்றார்.

"வேண்டாம். நானே சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

இன்னும் சொல்லவில்லை. இன்று நேரமில்லை.

21 ஜூன், வெள்ளி

ஆனித் தேரோட்டம். பேருந்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம். உலகநாதன் தூக்குவாளியோடு நடந்து வந்திருக்கிறான். நான் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து சட்டையால் விசிறிக்கொண்டான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

நான் ஒரு விடைக்கு இரண்டரை மதிப்பெண் போட்டேன்.

"அப்பா என் தலைல கைய வச்சிச் சத்தியம் வாங்கிட்டாரு. பெரியவனுக்குத் தெரிஞ்சா வேலையப் போட்டுட்டு ஓடியாந்துருவான், சொல்லக்கூடாதுன்னாரு. நான் என்ன செய்ய?"

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"அதத்தான் சொல்லுதேன். கேட்டிருக்கணும்ணே. ஏசியிருந்தாலும் சரி, நாலு அறை விட்டிருந்தாலும் சரி. ஒன்பது வருஷமா பக்கத்து எல போட்டுச் சாப்பிடும்போதுகூட, 'அவருக்குச் சோறு வையுங்க'ன்னு பந்தி விசாரிக்கிறவன்கிட்டச் சொல்லுதிய. நானும் எவ்வளவு சோறுதான் திங்க?"

இதற்கு விடை இருந்தது. இரண்டரை மதிப்பெண்ணை மூன்றாகத் திருத்திக்கொண்டிருந்ததால் சொல்ல முடியவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று, "ரொம்ப வலிக்கா?" என்று கேட்டான். அந்த இடத்தில், அது பெரும்பாலும் புற்று அல்ல, பயப்படாதே என்று சொல்லியிருக்க முடியும். அவனுக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

27 ஜூன், வியாழன்

காலை ஆறரை மணி. வாய் கொப்பளிக்கலாம், விழுங்கக் கூடாது. என் மூக்குக்கண்ணாடியையும் மோதிரத்தையும் உலகு கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் அவன் முகம் அப்பாவினுடையது.

30 ஜூன், ஞாயிறு

உட்கார்ந்து எழுத முடிகிறது. இருமினால் மட்டும் வலி.

அறுவை நடந்ததைப் பற்றி எனக்குத் தெரிந்தவை யாவும் அட்டெண்டர் வாய்மொழி. முடிந்ததும் "ஆறுமுகநயினார் கூட வந்தவங்க!" என்று கூப்பிட்டு, வெளியே எடுத்ததைத் தட்டில் வைத்துக் காட்டினார்களாம். ஐம்பத்தாறு ஆண்டுகள் என்னோடிருந்த உறுப்பை நான் பார்க்கவில்லை. பம்பு செட் பழுதுபார்ப்பவன் பார்த்திருக்கிறான்.

"எப்படி இருந்துது?"

"கத்திரிக்கா நெறம்ணே. நல்ல முத்துன கத்திரிக்கா. நடுவுல வீங்கி இருந்துச்சு. பக்கத்துலயே சுண்டக்கா அளவுல இன்னொண்ணு இருக்காம். அது ஒண்ணும் செய்யாது, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டு வச்சிட்டாராம்."

இணை மண்ணீரல். பத்தில் ஒருவருக்கு இருக்கும். பெரியது போன பிறகு சிறியது மெல்ல வளர்ந்து அதன் வேலையில் கொஞ்சம் ஏற்றுக்கொள்வதுண்டு. ஆண்டுதோறும் வகுப்பில் ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி, தேர்வில் கேட்பதில்லை.

பிறகு அந்த உறுப்பை மருந்துநீர் ஊற்றிய பிளாஸ்டிக் ஜாடியில் போட்டு அவன் கையிலேயே கொடுத்து, பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறான்.

"பக்கத்துல ஒரு அம்மா, 'ஊறுகாயா தம்பி, எந்தூர்ல வாங்குனிய?'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"வீட்ல போட்டதுன்னேன்."

சிரித்ததில் தையல் இழுத்தது. இரண்டு நாள் சிரிக்கக்கூடாது என்று அவனைக் கண்டித்தேன். சிரித்தது நான்தான் என்று அவன் சுட்டிக்காட்டவில்லை. பரிசோதனைக் கூடத்தில் படிவம் எல்லாம் அவனே நிரப்பிக் கொடுத்தானாம்.

2 ஜூலை, செவ்வாய்

வீடு திரும்பினேன். காய்ச்சல் வந்தால், அது எவ்வளவு சிறிதாக இருந்தாலும், உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும் என்று ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். மண்ணீரல் இல்லாதவர் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. வடிவு அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறாள்.

4 ஜூலை, வியாழன்

வடிவு சேமியாப் பாயசம் வைத்தாள். என்ன விசேஷம் என்றேன். சேமியா பூச்சி பிடிக்கப் பார்க்குது என்றாள். உலகு மூன்று தம்ளர் குடித்தான். ஒருவர் உயிருக்குப் போராடுவதாக நம்பப்படும் வீட்டில் இது சற்று அதிகம் என்று எனக்குப் பட்டது.

5 ஜூலை, வெள்ளி

திசுப் பரிசோதனை முடிவை உலகு கொண்டுவந்தான். ஒட்டிய உறை. "டாக்டர் பாத்துட்டாராம். உங்ககிட்டயே குடுக்கச் சொன்னாரு" என்று நீட்டினான்.

கடைசிப் பக்கத்தின் கடைசி வரியைத்தான் முதலில் படித்தேன். ஹமார்ட்டோமா. புற்றுக்கூறு எதுவும் இல்லை. மண்ணீரலின் சொந்தத் திசுவே வரிசை தப்பி உட்கார்ந்து கட்டியாகத் திரள்வதுதான் ஹமார்ட்டோமா. வெளியிலிருந்து வந்த பகைவர் எவருமில்லை. சொந்தக்காரர்கள்தாம், இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள். எடுத்தாயிற்று, விஷயம் முடிந்தது. மேற்கொண்டு சிகிச்சை தேவையில்லை.

"என்னண்ணே போட்டிருக்கு?"

வடிவு சமையலறை வாசலில் வந்து நின்றாள். இருவரும் என்னையே பார்த்தார்கள். தூக்குவாளி மேசைமேல் இருந்தது.

"இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி இருக்காம்" என்றேன்.

உலகு சுவரில் இருந்த நாட்காட்டியைச் சற்று நேரம் பார்த்தான். "அப்ப நாளைக்கும் வாரேன்" என்றான்.

"உன் இஷ்டம்."

8 ஜூலை, திங்கள்

நான் இப்போது செய்துகொண்டிருப்பதற்கும் அவன் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் செய்ததற்கும் எந்த ஒப்புமையும் இல்லை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. முதலாவதாக, அவன் மறைத்தது கெட்ட செய்தி. நான் மறைப்பது நல்ல செய்தி. இரண்டாவதாக, அவன் மறைத்ததால் நான் வரமுடியாமல் போயிற்று. நான் மறைப்பதால் அவன்

இரண்டாவதைப் பிறகு எழுதுகிறேன்.

11 ஜூலை, வியாழன்

உலகு வந்துசேர்ந்த நேரங்கள்: 10.40. 10.35. 10.40. இன்று 11.25. நான் விசாரிக்கவில்லை. பாலத்தில் லாரி நின்றுவிட்டதாம் (வடிவை விட்டு இரண்டு முறை போன் செய்யச் சொன்னேன், அவ்வளவுதான்).

"கடைய யாரு பாத்துக்கிடுதா?" என்று கேட்டேன்.

"பூட்டுதான் பாத்துக்கிடுது."

"தினமும் வரணும்னு இல்ல."

"இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி இருக்குல்லா" என்றான். அவன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

14 ஜூலை, ஞாயிறு

காலையில் மருத்துவக் காகிதங்களுக்குத் துளையிட்டுக் கோப்பில் சேர்க்கும்போது, அந்த முடிவின் முதல் பக்கத்தை முதன்முறையாகப் படித்தேன். விடை எழுதத் தொடங்கும் முன் முகப்புத் தாளை முழுதும் படியுங்கள் என்று இருபத்தொன்பது ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிவருகிறவன் நான்.

நோயாளியின் பெயர்: ஆறுமுகநயினார். உடன் வந்தவர்: உலகநாதன். உறவு: தம்பி. முடிவு அனுப்பவேண்டிய வாட்ஸ்அப் எண்: அவனுடையது. அனுப்பிய நாள்: 3 ஜூலை, காலை 11.20.

3 ஜூலை. பாயசம் 4 ஜூலை.

ஆக, இந்த வீட்டில் உண்மையைக் கடைசியாகத் தெரிந்துகொண்டவன் இம்முறையும் நானே. எனக்குத் தெரியும் முன் இரண்டு நாள் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உறையைக் கையில் கொடுத்துவிட்டு, "என்னண்ணே போட்டிருக்கு?" என்று கேட்டிருக்கிறான். பரிசோதனை பாக்கி என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அதன்பின் ஒன்பது நாள் கடையைப் பூட்டிவிட்டு முப்பத்தைந்து கிலோமீட்டர் பேருந்தில் வந்திருக்கிறான். வடிவு நாள்தோறும் அதே கவலை முகத்தோடு கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய அதே குற்றம், அதே ஆள். நான் மிகுந்த நிதானத்தோடு மூன்று வாக்கியங்கள் தயாரித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். முதலாவது: உனக்கு எப்போது தெரியும்? மற்ற இரண்டும் இதைவிடக் கடுமையானவை.

10.40க்கு வந்தான். தூக்குவாளியை வைத்தான். விசிறிக்கொண்டான். "எப்படிண்ணே இருக்கு இன்னைக்கு?" என்றான்.

தாள் என் கையில்தான் இருந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது; வடிவு காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் போன்ல பேசினாரு" என்றேன். டாக்டர் பேசவில்லை. "எல்லாப் பரிசோதனையும் முடிஞ்சுதாம். ஆனாலும் ஆறு மாசம் கூட ஆள் வச்சுக் கவனமாப் பாத்துக்கிடணும்னு சொல்லுதாரு."

உலகு தூக்குவாளியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான், மறுபடி மூடினான்.

"ஆறு மாசமா?" என்றான். "எங்கிட்ட ஆயுசுக்கும்னுல்லா சொன்னாரு."

அந்த மருத்துவமனையில் விவரங்களை உடன் வந்தவரிடம்தான் சரியாகச் சொல்வார்கள் என்பதால், அதையே முடிவென எடுத்துக்கொண்டு இலையைப் போடச் சொன்னேன்.